முனை போட்டது யார்

மாலை வாங்க வருகிறவர்கள் மணியைத்தான் பார்க்கிறார்கள். நிறம் பார்ப்பார்கள், வெளிச்சத்தில் தூக்கிப் பிடிப்பார்கள், கண்ணாடிக்கு முன்னால் நின்று கழுத்தில் வைத்துக்கொண்டு இப்படியும் அப்படியும் திரும்புவார்கள். பின்கழுத்தில் கொக்கியும் வளையமும் சேர்கிற இடத்தை ஒருவரும் பார்ப்பதில்லை. அதில் எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. யாரும் பார்க்கவில்லை என்றால் அது ஒழுங்காக இருக்கிறது என்று அர்த்தம். முனை சரியில்லாத மாலையைத்தான் எல்லாரும் பார்ப்பார்கள், அதுவும் தரையில்.

நான் முனை போடுகிறவன் ஐயா. மணி கோர்க்கத் தெரிந்தவர்கள் தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள். கோர்த்த சரத்தின் இரண்டு நுனியையும் கட்டி, கொக்கி பூட்டி, அறாமல் கழலாமல் செய்வது வேறு வேலை. எங்கள் கடையில் அதற்கு முனை போடுவது என்று பெயர். நேற்று நீங்கள் வீட்டுக்கு வந்து அண்ணியிடம், "ஏதோ கை தவறியிருக்கும்மா, வயசானவர் போட்ட முடிச்சுதானே. கேஸ இதோட முடிச்சிடலாம்" என்று சொன்னீர்கள். நான் உள் அறையில் இருந்தேன், காதில் விழுந்தது. முடிப்பது உங்கள் வேலை, நான் குறுக்கே வர மாட்டேன். ஆனால் நீங்கள் சொன்னதில் ஒரு சின்னப் பிழை இருக்கிறது. அதைத் திருத்திவிட்டுப் போகலாம் என்றுதான் காவல் நிலையம் வரை வந்தேன்.

முனையில் பல வகை உண்டு. கழுத்தறுக்கிறானே என்று நினைக்காதீர்கள். கழுத்துதான் என் தொழில், கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். எஃகுக் கம்பியில் கோர்த்த மாலைக்கு முடிச்சு சரிப்படாது, கம்பி முடிச்சைக் கேட்காது. அதற்கு மிளகைவிடச் சின்னதாக ஒரு உலோகக் குழாய் இருக்கிறது. கம்பியை அதற்குள் விட்டு, கொக்கியைச் சுற்றித் திருப்பி, மறுபடி அதே குழாய்க்குள் கொண்டுவந்து, குறடால் அமுக்க வேண்டும். முதல் அமுக்கில் நடுவே பள்ளம் விழும். அடுத்த அமுக்கில் அந்தப் பள்ளம் மடிந்து உருண்டையாகும். மிச்சம் இருக்கிற கம்பியை ஒட்ட வெட்டக் கூடாது, பக்கத்து மணிகளுக்குள் திருப்பி விட வேண்டும். அவசரக்காரர்கள் வெட்டிவிடுவார்கள். அது முதலில் கழுத்தைக் குத்தும், பிறகு ஒருநாள் கல்யாண வீட்டில் உருவிக்கொண்டு போகும்.

நூலில் கோர்த்தால் முடிச்சு. முடிச்சை அப்படியே வெளியே விட்டால் அசிங்கம். அதனால் சிப்பி மாதிரி வாய் திறந்திருக்கிற ஒரு சின்ன மூடி உண்டு, அடியில் துளை. இரட்டை நூலைத் துளை வழியாக ஏற்றி, ஒரு பொடிமணியை வைத்து அதன் மேல் முடிச்சுப் போட்டு, மூடியை அமுக்கினால் வெளியே பார்க்க ஒரு குட்டி முத்து. பொடிமணி எதற்கு என்றால், முடிச்சு துளைக்குள் உருவிக்கொண்டு வராமல் இருக்க. மூடிவிட்ட பிறகு உள்ளே என்ன முடிச்சு, எப்படிப்பட்ட முடிச்சு என்பதெல்லாம் போட்டவனுக்கு மட்டும்தான் தெரியும்.

இன்னொரு வகை பசை. அதை வகை என்று சொல்வதே அந்த வார்த்தைக்கு அவமானம். எங்களுக்கு எதிர்க் கடையில் ஒருவர் இருக்கிறார். தெருவில் எல்லாரும் பசைக்காரர் என்றுதான் சொல்வார்கள். முடிச்சு எப்படி விழுந்தாலும் கவலையில்லை, மேலே ஒரு சொட்டு. அவர் கடை மாலையைக் கண்ணை மூடிக்கொண்டு மோந்து பார்த்தே சொல்லிவிடலாம். பசை காய்ந்தால் நூல் விறைக்கும், விறைத்த இடத்தில் ஒடியும். ஒடிவதற்குள் வாங்கினவர் எந்தக் கடையில் வாங்கினோம் என்பதை மறந்திருப்பார், அந்தத் தைரியத்தில் காலம் தள்ளுகிறார். நல்ல மனிதர். எனக்கு அவர் மேல் ஒரு பொல்லாப்பும் கிடையாது. கை இல்லாதவருக்குப் பசை, பிழைத்துப் போகட்டும் என்று விட்டுவிட்டேன். உங்கள் அடையாள அட்டை தொங்குகிற நாடா இருக்கிறதே, அதன் முனையும் பசைதான். மழைக்காலம் தாண்டாது. சும்மா சொல்லிவைத்தேன்.

வீட்டின் முன்பக்கம்தான் எங்கள் கடை. அதற்குப் பலகையில் என்ன பெயர் எழுதியிருந்தாலும் வாயில் வருவது அண்ணன் கடைதான். அண்ணன் முன்னால் உட்காருவார். பேச்சு அவருக்கு அப்படி வரும். உள்ளே நுழைகிறவரின் முகத்தையும் கழுத்தையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, இந்த நிறம், இந்த நீளம் என்று சொல்லிவிடுவார். சொன்னது பொருந்தியும் தொலைக்கும். மணிகளை வரிசை வைப்பது அவர், கோர்ப்பது அண்ணி. அதன் பிறகு சரம் திரையைத் தாண்டி உள் அறைக்கு வரும். உள் அறையில் ஒரு மேசை, ஒரு விளக்கு, ஒரு சுவர், நான். "டேய் முனை, இந்தா, இது உனக்கு" என்று குரல் வரும். முனை என்பது அவர் எனக்கு வைத்த பெயர். எனக்குக் கல்யாணம் ஆகாததையும் விட்டுவைக்கவில்லை. "ஊருக்கெல்லாம் கொக்கி மாட்டறான், இவனுக்குத்தான் ஒரு வளையம் சிக்கல" என்பார். வந்தவர்கள் சிரிப்பார்கள். திரைக்குப் பின்னால் நானும் சிரிப்பேன். ஒரே கிண்டலை ஆயுசு பூராவும் கேட்டால் அது பழைய செருப்பு மாதிரி, கடிக்காது.

எப்போதாவது ஒருவர் மாலையைத் திருப்பிப் பார்த்து, முனை ரொம்ப நேர்த்தியாக இருக்கிறதே என்பார். அபூர்வம்தான், ஆனாலும் நடக்கும். அண்ணன் உடனே திரைப் பக்கம் கையைக் காட்டுவார். "அது என் தம்பி கை. உள்ள இருக்கான்." அவ்வளவுதான். நான் வெளியே வரக்கூட மாட்டேன். எனக்கு அந்த ஒரு வரி போதும். அதைத் தவிர நான் இந்த உலகத்தில் எதற்கும் ஆசைப்பட்டதில்லை. அண்ணியைக் கேட்டுப் பாருங்கள், அவரும் அதையேதான் சொல்வார்.

பிறகு அண்ணனுக்கு மறதி வந்தது. முதலில் சாப்பிட்டது மறந்தது, அப்புறம் கிழமை, அப்புறம் கழிப்பறை எந்தப் பக்கம் என்பது. மருத்துவர் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, மூளை சுருங்கிக்கொண்டே போகும், யாரும் ஒன்றும் செய்ய முடியாது என்றார். மறப்பதில் ஒரு வரிசை இருக்கும் என்று நினைத்திருந்தேன். தூரத்து ஆட்கள் முதலில், நெருங்கியவர்கள் கடைசியில் என்று. அப்படி ஒன்றும் இல்லை. அண்ணியை மறக்கவில்லை. பசைக்காரரை மறக்கவில்லை. சின்ன வயதில் வளர்த்த ஒரு நாயை மறக்கவில்லை, அதைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார். ஒருநாள் காலையில் திரையை விலக்கி, "ஐயா, நீங்க யாரப் பாக்கணும்?" என்று என்னைக் கேட்டார். பிறந்ததிலிருந்து அவர் எனக்குக் கொடுத்த முதல் மரியாதை அது. வலித்தது. அதை மறைக்கப் போவதில்லை. ஆனால் நோயாளி மேல் கோபப்படுகிற ஆள் நான் இல்லை.

கடையில் முன்னால் உட்காருவதை மட்டும் அவர் விடவில்லை. அண்ணியும் தடுக்கவில்லை, அங்கே இருந்தால் முகம் தெளிவாக இருக்கிறது என்றார். அங்கேதான் அது ஆரம்பித்தது. ஒரு அம்மாள் மாலையைத் திருப்பிப் பார்த்து, "முனை யார் போட்டது, இவ்வளவு சுத்தமா இருக்கு" என்று கேட்டாள். நான் உள்ளே குறடைக் கீழே வைத்துவிட்டுக் காத்திருந்தேன். "நான்தான்" என்றார் அண்ணன். அதோடு நிற்கவில்லை. "மிச்சக் கம்பிய வெட்டக் கூடாதும்மா. பக்கத்து மணிக்குள்ள திருப்பி விடணும். வெட்டினா குத்தும்" என்று விளக்கமும் சொன்னார். எல்லாம் என் வார்த்தை. காலமெல்லாம் திரைக்கு இந்தப் பக்கம் நான் முணுமுணுத்ததெல்லாம் அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்திருக்கிறது. என் முகத்தை மறந்தவருக்கு என் பேச்சு ஒரு எழுத்துப் பிசகாமல் நினைவிருந்தது.

அந்த அம்மாள் வியந்துபோய்விட்டாள். போனவள் இன்னும் நாலு பேரிடம் சொன்னாள். வந்தவர்கள் அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டு, இந்த வயதிலும் என்ன கை என்றார்கள். அந்தக் கையால் அப்போது சட்டைப் பொத்தான் போட முடியாது, அண்ணிதான் போட்டுவிடுவார். எனக்குச் சிரிப்பு வந்தது. உண்மையாகவே சிரிப்புதான் வந்தது ஐயா, குறித்துக்கொள்ளுங்கள்.

ஒருநாள் உள்ளே வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். நான் பட்டு நூலில் முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "அப்படி இல்லப்பா. பதட்டப்படாத. பழகப் பழக வரும்" என்று முதுகில் தட்டிக்கொடுத்தார். அண்ணி திரையைப் பிடித்துக்கொண்டு நின்றார், வாயைப் புடவைத் தலைப்பால் பொத்திக்கொண்டு. அழுகிறாரா சிரிக்கிறாரா என்று தெரியவில்லை. இரண்டும் என்றுதான் நினைக்கிறேன். நான், "சரிங்க, பழகிக்கறேன்" என்றேன். என் பொறுமையைப் பற்றி அண்ணி அக்கம்பக்கம் பூராவும் சொல்லியிருக்கிறார்.

இதற்கு நடுவில் அவர் வீட்டை விட்டு நடக்க ஆரம்பித்தார். கதவு திறந்திருந்தால் போதும், கிளம்பிவிடுவார். எங்கே போகிறோம் என்று தெரியாது, வீடு எங்கே என்றும் சொல்லத் தெரியாது. அண்ணி என்னிடம் வந்து, "தம்பி, அவர் கழுத்துல நம்ம விலாசம் எழுதின தகடு ஒண்ணு தொங்கவிடணும். கழண்டே போகாத மாதிரி நீங்கதான் பண்ணணும்" என்றார். வெறும் கயிற்றில் கட்டினால் பிய்த்து எறிந்துவிடுவார். மணி என்றால் மதிப்பார், பிய்க்கமாட்டார். பாசிப்பச்சைக் கண்ணாடி மணியில், எஃகுக் கம்பியில் செய்தேன். அவரால் திறக்க முடியாதபடி திருகுக் கொக்கி. அந்த மாலையைப் பிடித்துக்கொண்டு நீங்கள் கிணற்றில் இறங்கலாம், அப்படி ஒரு முனை. நான் போட்டதிலேயே நல்லது அதுதான் என்று இப்போதும் சொல்வேன்.

அது வேலை செய்தது. அவர் போவார், யாராவது கூட்டிக்கொண்டு வருவார்கள். ஒரு தடவை பேருந்து நடத்துநர், ஒரு தடவை பள்ளிக்கூடத்து ஆசிரியை, ஒரு தடவை ரொட்டிக் கடைக்காரர், கையில் ஒரு பன்னையும் கொடுத்து. வருகிறவர்கள் எல்லாரும் கழுத்தைக் காட்டி, நல்ல வேளை இது இருந்தது, நல்ல வேளை இது அறுந்துபோகவில்லை என்பார்கள். அண்ணன் தகட்டை விரலால் திருகிக்கொண்டே, "அறுந்து போகாது. நான் போட்ட முனை" என்பார். அதையும் எடுத்துக்கொண்டார். அவரை வீட்டுக்குத் திரும்பக் கொண்டுவந்தது என் முனை. ஒவ்வொரு தடவையும் திரும்பி வந்து, அது தன்னுடையது என்று சொன்னார்.

அப்போதும் நான் ஒன்றும் செய்யவில்லை. கவனிக்க வேண்டும், அப்போதும் நான் ஒன்றும் செய்யவில்லை.

கடைசியாக ஒரு நாள். வெளியூரிலிருந்து ஒரு பெரிய மனிதர் மகளோடு வந்திருந்தார். அண்ணன் வழக்கம்போல் விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தார். நான் கொக்கி எடுக்க முன்பக்கம் வந்தேன். அந்தப் பெண் என்னைப் பார்த்து, "உள்ள இருக்கறவர் யாரு, அவரும் முனை போடுவாரா?" என்று கேட்டாள். அண்ணன் என்னை மேலும் கீழும் பார்த்தார். யோசித்தார். அவர் யோசிப்பது முகத்தில் தெரிந்தது, பாவம், கஷ்டப்பட்டுத்தான் யோசித்தார். பிறகு, "அவரா? அவர் பசை ஒட்டறவரும்மா" என்றார்.

அவ்வளவுதான் நடந்தது. யாரும் யாரையும் திட்டவில்லை. நான் கொக்கியை எடுத்துக்கொண்டு உள்ளே போய், கையிலிருந்த வேலையை முடித்தேன். நன்றாகவே முடித்தேன். கை நடுங்கியது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

அந்த வாரத்தில் அண்ணியிடம், எஃகுக் கம்பி அண்ணன் கழுத்தை உரசுகிறது, தோல் சிவந்திருக்கிறது, நைலான் நூலில் மாற்றிக் கட்டித் தருகிறேன் என்றேன். சிவந்துதான் இருந்தது, பொய் இல்லை. அண்ணி கண் கலங்கி, "உங்கள மாதிரி ஒரு தம்பி யாருக்குக் கிடைக்கும்" என்றார். அதே பச்சை மணி, அதே தகடு. திருகுக் கொக்கியும் அதே. நூலும் சிப்பி மூடியும் மட்டும் புதிது.

இப்போது கவனமாகக் கேளுங்கள், நீங்கள் பிழைவிட்ட இடம் இதுதான். வலது நூலை இடது நூல் மேல் போட்டு ஒரு சுற்று, அடுத்து இடதை வலது மேல் போட்டு ஒரு சுற்று. இப்படிக் கட்டினால் அது பூட்டிக்கொள்ளும். இரண்டு தடவையும் வலதையே இடது மேல் போட்டால் பார்ப்பதற்கு அதே முடிச்சு மாதிரியே இருக்கும், ஆனால் பூட்டாது. நேராக இழுத்தால் பிடிக்கும். ஆட்டிக்கொண்டே இருந்தால் உருண்டு உருண்டு நழுவும், அதுவும் நைலானில், அதுவும் வியர்வையில். நான் இரண்டாவது மாதிரி போட்டேன். பொடிமணியை மறந்துவிட்டேனா என்று கேட்பீர்கள். மறக்கவில்லை, வைக்கவில்லை. நூலின் வாலை எவ்வளவு விட வேண்டும் என்பதற்குப் பல நூல்களை வீணாக்கிப் பார்த்தேன். அதிகம் விட்டால் நழுவாது, குறைத்தால் வீட்டு வாசலிலேயே விழுந்துவிடும்.

ஏனென்றால் அண்ணி தினமும் காலையில் சட்டைப் பொத்தானைப் போட்டுவிட்டு, மாலையை ஒரு தடவை இழுத்துப் பார்ப்பார். அது நேரான இழுப்பு. அதற்குப் பிடிக்க வேண்டும். கடையில் உட்கார்ந்திருக்கும்போது அண்ணன் தகட்டைத் தொட மாட்டார், அதனால் அங்கேயும் பிடிக்கும். நடக்கும்போதுதான் தகட்டை விரலால் திருகிக்கொண்டே நடப்பார். அது அவர் பழக்கம். திருகத் திருகச் சரம் ஆடும், சரம் ஆட முடிச்சு உருளும். வீட்டில் நிற்க வேண்டும், வழியில் போக வேண்டும். யோசித்துப் பாருங்கள் ஐயா, அறுந்துபோகாத முனை எவன் வேண்டுமானாலும் போடலாம். சொன்ன இடத்தில் கழலுகிற முனை போடுகிறவன் எத்தனை பேர்?

அண்ணி இழுத்துப் பார்த்தார். பிடித்தது. மறுநாளும் பிடித்தது. அதற்கடுத்த நாளும்.

பிறகு ஒரு மத்தியானம். அண்ணி அசந்து படுத்திருந்தார். கடையில் ஆள் இல்லை. கதவை நான் திறக்கவில்லை, அது திறந்திருந்தது, நான் மூடவில்லை. இரண்டுக்கும் வித்தியாசம் உண்டு என்பது உங்கள் தொழிலில் இருப்பவருக்குத் தெரியும். அண்ணன் எழுந்தார், செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டார், திரையை விலக்கி எட்டிப் பார்த்தார். "ஐயா, நான் வரேன். கடையப் பாத்துக்குங்க" என்றார். "போயிட்டு வாங்க" என்றேன். யாராக இருந்தாலும் கிளம்புகிறவரிடம் சொல்வதைத்தான் சொன்னேன். அவர் விரல் தகட்டின் மேல் இருந்தது. தெருமுனை திரும்பும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.

தேடினேன் ஐயா. தேடவில்லை என்று ஒருவரும் சொல்ல முடியாது. அண்ணியோடு சேர்ந்து எல்லா இடமும் அலைந்தேன், கால் வீங்கியது. அண்ணி அவர் போகக்கூடிய திசையில் தேடலாம் என்றார், நான் மற்ற திசையை விட்டுவிடக் கூடாதே என்றேன். பேருந்து நிலையத்தில் பெருக்குகிறவள் தகட்டோடு மணிகளைப் பொறுக்கி வைத்திருந்தாள். நான் கணித்ததற்குக் கொஞ்சம் முன்னாலேயே கழன்றிருக்கிறது, அது எனக்கு ஒரு குறைதான். அன்று அவர் வியர்வை அதிகம் போலிருக்கிறது.

மிச்சத்தை நீங்கள்தான் எங்களுக்குச் சொன்னீர்கள். ஏதோ பேருந்தில் ஏறி, கடைசி நிறுத்தத்தில் இறங்கியிருக்கிறார். அங்கே இருந்தவர்கள் நல்லவர்கள். கழுத்தைப் பார்த்தார்கள், சட்டைப் பையைப் பார்த்தார்கள், ஒன்றும் இல்லை. இரக்கப்பட்டு வேறு பேருந்தில் ஏற்றிவிட்டார்கள். அதற்கப்புறம் மழை. கிடங்குச் சுவர் ஓரமாக, மணி கோர்ப்பது போல விரலை மடக்கிக்கொண்டு கிடந்தார் என்றீர்கள். குளிர் தாங்கவில்லை என்று மருத்துவர் சொன்னார். அந்த விரல் விஷயத்தை அண்ணியிடம் நீங்கள் சொல்லியிருக்க வேண்டாம். எனக்கும் அது தேவைப்படவில்லை.

நான் இங்கே வராமலே இருந்திருப்பேன். காலம் எல்லாவற்றையும் ஆற்றிவிடும் என்றுதான் இருந்தேன். ஆனால் துக்கம் விசாரிக்க வந்தவர்கள் என் கையைப் பிடித்துக்கொண்டு ஒரே பாட்டைப் பாட ஆரம்பித்தார்கள். "மனச விட்டுடாதீங்க, யாருக்கும் கை தவறும்." "வயசாயிடுச்சுல்ல, கண்ணு தெரியாது, முடிச்சு நழுவத்தான் செய்யும்." ஒரு அம்மாள், காலகாலமாக எங்களிடம் வாங்குகிறவள், துக்க வீட்டிலேயே தன் மாலையைக் கழற்றி முனையை இழுத்துப் பார்த்துவிட்டு மறுபடி போட்டுக்கொண்டாள். நான் பார்க்கவில்லை என்று நினைத்தாள். எனக்குக் கண் நன்றாகத் தெரியும்.

பசைக்காரரும் வந்தார். உட்கார்ந்தார், தலையை ஆட்டினார், பெருமூச்சு விட்டார். "இருக்கும்போது நமக்குள்ள ஆயிரம் போட்டி இருக்கலாம். ஆனா ஒண்ணு சொல்றேன், தப்பா எடுத்துக்காதீங்க. அந்த முடிச்சு மேல ஒரே ஒரு சொட்டு பசை வெச்சிருந்தீங்கன்னா உங்க அண்ணன் இன்னிக்கு உயிரோட இருந்திருப்பாரு" என்றார்.

சுற்றி இருந்தவர்கள் எல்லாரும் தலையாட்டினார்கள். அண்ணியும் ஆட்டினார்.

அதற்கு மேல் எப்படிச் சும்மா இருப்பது? நீங்களே சொல்லுங்கள். அந்த ஆள் என் வீட்டில் உட்கார்ந்துகொண்டு, என் முடிச்சுக்குப் பசை சிபாரிசு செய்கிறார். மறுநாள் நீங்கள் வந்து, கை தவறியது என்று முடித்து வைக்கிறீர்கள். இனி நான் போட்ட ஒவ்வொரு முனையும், எங்கெங்கோ யார் யார் கழுத்திலோ நன்றாக இருக்கிற முனைகள் எல்லாம், அண்ணனைச் சாகடித்த கை போட்டவை. சாகடித்தது என்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. தெரியாமல் சாகடித்தது என்கிறார்களே, அதைத்தான் சகிக்க முடியவில்லை.

நீங்கள் சிரிக்கிறீர்கள். "பெரியவரே, துக்கத்துல ஏதோ பேசறீங்க, வீட்டுக்குப் போய்ப் படுங்க" என்கிறீர்கள். இப்படித்தான் சொல்வீர்கள் என்று தெரிந்துதான் நூல் கொண்டுவந்தேன். இந்தாருங்கள், அதே நைலான். உங்கள் கண்ணெதிரே போடுகிறேன். வலது, இடது மேல். மறுபடி வலது, இடது மேல். வால் இவ்வளவு. இரண்டு நுனியையும் பிடித்து நேராக இழுங்கள். இன்னும் பலமாக இழுங்கள், தயங்காதீர்கள், அண்ணி இதைவிடப் பலமாக இழுப்பார். பிடிக்கிறதல்லவா? இப்போது விட்டுவிட்டு, விரலால் திருகிக்கொண்டே இருங்கள். பேசிக்கொண்டே திருகுங்கள், அதைப் பார்க்காதீர்கள். கொஞ்சம் பொறுங்கள். இன்னும் கொஞ்சம்.

இப்போது பாருங்கள். நூல் தனியாக உங்கள் கையில் இருக்கிறது.

ஆகவே அண்ணனைக் கொன்றது நான்தான். யோசித்து, பழகிப் பார்த்து, கொன்றேன். அவர் மேல் கோபம் இருந்ததா என்று கேட்கிறீர்கள். இல்லை. என் அண்ணன் ஐயா அவர். என்னைத் தூக்கி வளர்த்தவர். நான் எழுதிக் கொடுக்க வேண்டியதில் கையெழுத்துப் போடுகிறேன், எந்த இடத்தில் என்று காட்டுங்கள். கை தவறி என்ற வார்த்தை எங்கேயும் வராமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்னும் ஒரு உதவி. இதை அண்ணியிடம் நீங்களே நேரில் போய்ச் சொல்லிவிடுங்கள். பாவம், காலையிலிருந்து அதே இடத்தில் உட்கார்ந்துகொண்டு, நான் இன்னும் கொஞ்சம் சரியாக இழுத்துப் பார்த்திருக்க வேண்டும், இன்னும் கொஞ்சம் சரியாக இழுத்துப் பார்த்திருக்க வேண்டும் என்று தலையில் அடித்துக்கொண்டு அழுகிறார். அவர் இழுத்துப் பார்த்ததில் ஒரு குறையும் இல்லை, முடிச்சை நான் வேண்டுமென்றேதான் அப்படிப் போட்டேன் என்று தெரிந்தால், இன்றைக்காவது கொஞ்சம் நிம்மதியாகத் தூங்குவார்.